குட்டி இல்லை என்று நான் எழுதிய மான்

நான் பயந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு வருவதெல்லாம் விளங்கும். அடுப்பை அணைத்தேனா என்று பஸ் தரிப்பிடத்திலிருந்து திரும்பி வந்து பார்ப்பவள். ஊராட்சி அலுவலகத்தை நாங்கள் கமைண்ட என்போம். அங்கிருந்து கடிதம் வந்தால் கதிரையில் இருந்துகொண்டுதான் உறையைக் கிழிப்பேன். உள்ளே பழைய கடதாசி சேர்க்கும் நாள் மாறிவிட்டது என்ற அறிவித்தல்தான் இருக்கும். "உமக்குப் பயப்பிட ஒண்டுமில்லை எண்டால் அதுக்கும் பயப்பிடுவீர்" என்று என் கணவர் சொல்வார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் நான் பயப்படாமல் இருந்த ஒரு கிழமையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

சுவிஸில் கூர் என்ற நகரத்தில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் பல வருடங்கள் வேலை செய்தேன். ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கி இடது தோள் போய்விட்டது. இனி வேண்டாம் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். வேலை தேடிக் கொடுக்கும் அலுவலகத்தில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடி, மிருகங்களோடு பழக்கம் உண்டா என்று கேட்டாள். ஊரில் எங்கள் வீட்டில் இரண்டு ஆடு நின்றது. உண்டு என்றேன். அந்த இரண்டு ஆட்டை நம்பி என்னை மலைமேல் ஒரு கிராமத்துக்கு, மான் பண்ணைக்கு, அரைநாள் வேலைக்கு அனுப்பினார்கள். மான் என்றதும் மிருகக்காட்சிசாலை என்று நினைத்துக்கொண்டு போனேன். பண்ணை வாசலில் பெரிய குளிர்பெட்டி ஒன்றும், மான் இறைச்சி இன்ன கிழமை கிடைக்கும் என்ற பலகையும் இருந்தன. ஏறிய பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிடலாமா என்று யோசித்தேன். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. அதனால் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

பண்ணையை நடத்தியவள் என் வயதுக்காரி. தனி ஆள். டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், நாங்கள் ஒருவரையொருவர் நீ போட்டுத்தான் கதைப்போம். தமிழில் எழுதுகிறேன் என்பதற்காக அதை நீங்கள் என்று மாற்றினால் பொய்யாகிவிடும். அதிகம் சிரிக்க மாட்டாள், அதிகம் ஏசவும் மாட்டாள். ஆளைவிட உயரமான கம்பிவேலிக்குள் ஒரு மலைச்சரிவு முழுவதும் அவளுடையது. மேல் மூலையில் அடர்த்தியான ஊசியிலை மரங்கள், கீழே வைக்கோல் தட்டு, அதற்கு எதிரே வேலிக்கு வெளியே ஒரு மரப்பரண். உள்ளே நாற்பதுக்குக் கிட்ட மான்கள். கோடையில் உடம்பெல்லாம் புள்ளி இருக்கும், குளிர் தொடங்க அது மங்கி மண் நிறமாகிவிடும். காலையில் வேலியைச் சுற்றி நடந்து எங்கேயாவது கம்பி தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, வைக்கோல் போடுவது, தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் உடைப்பது, இவைதான் என் வேலை. தோளுக்கு வலி இல்லை. பதினொன்றரை பஸ்ஸுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

அவள் புரட்டாதி மாதத்தில் மலைக்கு வேட்டைக்கும் போவாள். அதற்கு மாநிலம் கொடுக்கும் அனுமதி அவளிடம் இருந்தது. அங்கே என்னவெல்லாம் கூடாது என்று வைக்கோல் இழுக்கும்போது சொல்லுவாள். அந்த மாதத்தில் பால்மடியோடு நிற்கும் பெண்மானைச் சுடக்கூடாது. தெரியாமல் சுட்டுவிட்டால் ஒளிக்கக்கூடாது. சுட்டவர் தானே வேட்டைக் காவலரிடம் கொண்டுபோய்க் காட்டி, பிழை விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். வேலிக்குள் அந்தச் சட்டம் இல்லை. வேலிக்குள் நிற்கும் மான், சட்டத்தின் கண்ணில், ஆடு மாடு மாதிரி வளர்ப்புப் பிராணிதான். கால்நடை வைத்தியர் வந்து உயிரோடு பார்த்துச் சரி சொல்ல வேண்டும், சுட்ட பிறகு குறித்த நேரத்துக்குள் வெட்டும் அறைக்குக் கொண்டுபோக வேண்டும், இப்படியானவைதான் அங்கே கேள்வி. ஆனாலும் அவள் மலையில் செய்வதைவிடக் கண்டிப்பாக வேலிக்குள் செய்தாள். "வெளியில ஒண்டு உள்ளுக்க ஒண்டு எண்டு எனக்குச் செய்யத் தெரியாது" என்றாள்.

அவளுடைய கண்டிப்பில் முதலாவது, குட்டியோடு நிற்கும் தாயைத் தனியாக எடுப்பதில்லை. எடுக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் குட்டி, பிறகு தாய், இரண்டும் ஒரே நாளில். முதன்முதலில் அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு எரிந்தது. குட்டியையா முதலில் கொல்வது, என்ன மனுசி இவள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே விளக்கினாள். தாய் இல்லாத குட்டியை மற்ற மான்கள் வைக்கோல் தட்டில் வாய் வைக்க விடாது, தள்ளித் தள்ளி ஓரத்தில் விட்டுவிடும். அது பனிக்குள் ஓரமாக நின்று மெலிந்துகொண்டே போகும். "தை, மாசி மட்டும் இழுபடும். ஒவ்வொரு நாளும் வேலியடியில அதைக் கண்டுகொண்டுதான் நீ வேலை செய்ய வேணும். ஒரு வருசம் நான் கண்டனான். இனிக் காணமாட்டன்."

இன்னொன்று, கையால் தீன் கொடுக்கக்கூடாது. ஒரு துண்டு அப்பிள்கூடக் கூடாது. ஆளைக் கண்டால் மான் விலக வேண்டும், கூட்டத்தோடு நிற்க வேண்டும். கூட்டத்தை விட்டுக் கையைத் தேடி வருகிற மானைப் பற்றி யாருக்கும் சரியாக எதுவும் தெரியாமல் போய்விடும் என்றாள். நான் தலையாட்டினேன். நல்லாகத்தான் தலையாட்டினேன்.

மூன்றாவது வருட இலையுதிர் காலத்தில் பட்டியல் எழுதும் வேலையை என்னிடம் தந்தாள். கார்த்திகையில் சில பெண்மான்களை எடுப்பாள். அதற்கு முன் மூன்று கிழமை, எந்தக் குட்டி எந்தத் தாயின் மடியில் பால் குடிக்கிறது என்று பரணில் இருந்து பார்க்க வேண்டும். எல்லா மானுக்கும் காதில் மஞ்சள் வில்லையும் அதில் இலக்கமும் இருக்கும். தாய்க்கு நேரே குட்டியின் இலக்கத்தை எழுத வேண்டும். அந்த வருடம் குட்டி போடாததற்கு நேரே "குட்டி இல்லை" என்று எழுத வேண்டும். அப்படி எழுதப்பட்டவற்றிலிருந்துதான் அவள் தெரிந்தெடுப்பாள். "உன்ர கண் என்ர கண்ணைவிட நல்லம்" என்றாள். அது உண்மை. எனக்கு ஒருமுறை பார்த்த முகம் மறக்காது. ஹோட்டலில் கறையைப் பார்த்தே எந்த அறை விரிப்பு என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் இரண்டு தரம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பட்டியலின் கடைசிக் கிழமையில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் நான் விரதம். பகலில் தண்ணீர் மட்டும், பின்னேரம் விளக்கு வைத்துக் கும்பிட்ட பிறகு பாலும் வாழைப்பழமும். அந்த ஆறு நாளும் இரத்தம் பார்க்க மாட்டேன் என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவள் நாட்காட்டியைப் பார்த்தாள். வைத்தியர் வரக்கூடிய நாள் ஆறாம் நாளாக மட்டும்தான் இருந்தது. "அண்டைக்கு நீ வராதை. வீட்டில இரு. முதல் நாள் பட்டியலை முடிச்சு வைச்சிட்டுப் போ, போதும்" என்றாள். வேறு யாரும் இப்படிக் கேள்வி கேட்காமல் விட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

விரதத்தின் முதல் நாள் சாப்பிட்ட பழத்தோலை அடுத்த நாள் காலை கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். சாமிக்குப் படைத்த பழத்தின் தோல், குப்பைப் பைக்குள் போட மனம் வரவில்லை. வேலியைச் சுற்றி வரும்போது மேல் மூலையில், பண்ணை வீட்டிலிருந்து தெரியாத இடத்தில், கம்பிக்குள்ளால் நீட்டினேன். எல்லா மானும் விலகி ஓடின. ஒன்று மட்டும் நின்றது. காதில் இருபத்தேழு, பட்டியலில் அதற்கு நேரே நான் இன்னும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இடது காது நுனி கிழிந்திருக்கும். வந்து மணந்து பார்த்துவிட்டுத் தோலை இழுத்துக்கொண்டு போனது. அடுத்த நாள் நான் வருமுன்னமே அந்த மூலையில் வந்து நின்றது. ஒரு தோல்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். ஹோட்டலிலும் குளியலறையில் சோப்பு மிச்சமிருந்தால் அப்படித்தான் எடுத்து வருவேன். சின்னப் பிழைகளில் எனக்குப் பயமில்லை, அதுதான் என் வியாதி.

ஒவ்வொரு நாளும் அது தனியாகத்தான் வந்தது. பக்கத்தில் குட்டி ஒன்றும் இல்லை. பரணில் இருந்து பார்க்கும்போதும் அது மேல் மூலையையே பார்த்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே நின்றது. ஐந்தாம் நாள் பட்டியலை முடிக்க வேண்டியிருந்தது. எண்ணிப் பார்த்தால் ஒரு குட்டி மிச்சம் வந்தது. ஐம்பத்திரண்டாம் இலக்கக் குட்டி. அது நாற்பத்தொன்றின் குட்டியோடு சேர்ந்து ஓடித் திரிவதை நான் பல தரம் கண்டிருக்கிறேன். ஆகவே நாற்பத்தொன்றுக்கு இரண்டு குட்டி என்று எழுதினேன்.

அவள் பட்டியலைப் பார்த்துவிட்டு அந்த இடத்தில் விரலை வைத்தாள். "ரெட்டையோ? இந்த இனத்தில ரெட்டை வாறது அருமை. நான் இவ்வளவு காலத்தில ஒருக்காத்தான் கண்டனான். ரெண்டும் பால் குடிக்கிறதைக் கண்டனியோ?"

நான் கண்டிருக்கவில்லை. இரண்டும் சேர்ந்து ஓடுவதைத்தான் கண்டிருந்தேன். காலையிலிருந்து தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தேன். சரிவெல்லாம் பனிப்புகார் மூடியிருந்தது. பதினொன்றரை பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"கண்டனான்" என்றேன்.

அவள் விரலை எடுத்துவிட்டாள். இருபத்தேழுக்கு நேரே "குட்டி இல்லை" என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்து, அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டாள். நாளைக்கு எடுக்கப் போவது அதைத்தான் என்று அர்த்தம்.

இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, ஆனால் அதோடு ஒரு பெருமையும் வந்தது. என் கையால் தின்ற மான், நான் நினைத்திருந்தால் ஏதாவது ஒரு குட்டியை அதன் பேருக்கு எழுதிக் காப்பாற்றியிருக்கலாம், அப்படிச் செய்யாமல் நேர்மையாக எழுதியிருக்கிறேன் பார் என்ற பெருமை. பாசம் பார்க்கவில்லை என்பதையே உண்மை என்று எடுத்துக்கொண்டேன். போகும்போது மேல் மூலைக்குப் போய்க் கடைசித் தோலைக் கொடுத்து, கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்தேன். தின்றுகொண்டிருக்கும்போதே அது இரண்டு தரம் மரங்கள் பக்கம் திரும்பி மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது. பிறகு மிச்சத்தை விட்டுவிட்டுப் போய்விட்டது. எங்கேயோ குரைத்த நாய்க்குப் பயந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஆறாம் நாள் காலை முழுகிவிட்டு, சந்தனப் பொட்டு வைத்து, சாமிப் படத்துக்கு முன்னால் பூ வைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். அன்று அவருக்கு மத்தியான வேலை. சோபாவில் இருந்து என் படங்களைத் தட்டைக் கணினியில் போட்டு, கனடாவில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாரும்" என்று கூப்பிட்டார். "உம்மட மானுக்குப் பின்னால ஆரோ எட்டிப் பாக்கினம்."

அவர் விரலால் படத்தைப் பெருப்பித்தார். மானுக்குப் பின்னால், மரக்கிளைகளின் கீழே, இரண்டு சின்னக் காதுகளும் ஒரு கறுத்த மூக்கும் தெரிந்தன. மான் திரும்பிப் பார்த்துக் கொடுத்த அந்தச் சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. அது நாய்க்குப் பயந்து கொடுத்த சத்தம் இல்லை. குட்டியைக் கூப்பிட்ட சத்தம். குட்டிக்கு என்னிடம் பயம், தாய்க்கு என் பழத்தோலில் ஆசை. ஒவ்வொரு நாளும் அதை மரத்துக்குள் நிற்க விட்டுவிட்டு என்னிடம் வந்திருக்கிறது. நான் கொடுத்ததால்தான் அது தனியாக நின்றது. தனியாக நின்றதால்தான் குட்டி இல்லை என்று எழுதினேன்.

கையிலிருந்த பூ கீழே விழுந்துவிட்டது. அவளுடைய கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். அணைத்து வைத்திருந்தாள், பரணில் ஏறுமுன் அணைப்பது அவளுடைய வழக்கம். பண்ணை வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்பது மணிக்கு வைக்கோல் போடுவாள், மான்கள் வந்து அமைதியாக நின்று தின்னத் தொடங்கிய பிறகுதான் சுடுவாள். மணி எட்டு ஐந்து. பஸ் எட்டு இருபதுக்கு.

"இண்டைக்கு அங்க போகமாட்டன் எண்டனீர்" என்றார் கணவர்.

"போறன்."

"விரதமெல்லே. சாப்பிடாமல் கொள்ளாமல் எங்க ஓடுறீர்?"

"இஞ்சருங்கோ, நான் பிழையா எழுதிப்போட்டன். அது குட்டி இல்லாதது இல்லை, குட்டிக்காரி. பால் குடுக்கிற தாய்."

அவர் எழும்பிப் போய் என் சப்பாத்தைத் தேடி எடுத்துத் தந்தார்.

அந்தப் பஸ் பயணத்தை நான் மறக்கவே மாட்டேன். மஞ்சள் பஸ் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நின்றது. ஆள் இல்லாத தரிப்பிடத்திலும், நேரத்துக்கு முந்தி வந்துவிட்டது என்று சாரதி இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். இந்த நாட்டின் நேரந்தவறாமையை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் மனதுக்குள் திட்டினேன். வளைவுக்கு வளைவு அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒருவேளை அந்தக் குட்டி நாற்பத்தொன்றினுடையதாகவே இருக்கலாம், சும்மா மரத்துக்குள் வந்து நின்றிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒரு வளைவு வரைக்கும் அது நம்பும்படியாக இருந்தது. அடுத்த வளைவில் படத்தை எடுத்து அந்தச் சின்னக் காதுகளைத் திரும்பவும் பார்த்தேன்.

இறங்கியபோது ஒன்பது தாண்டிவிட்டது. பண்ணை முற்றத்தில் வைத்தியரின் கார் நின்றது. வேலிக்குப் போகும் பாதையின் படலையில் சிவப்புத் துணி கட்டியிருந்தாள். அந்தத் துணி கட்டியிருந்தால் யாரும் அதைத் தாண்டக்கூடாது, நானும் கூடாது. தாண்டினேன். பாதை பரணின் பின்பக்கமாகத்தான் வரும், அதனால் குண்டுக்கு முன்னால் போகும் ஆபத்து இல்லை என்று தெரியும். கடைசித் தூரத்தைச் சத்தமில்லாமல் நடந்து பரணின் கீழே வந்து நின்றேன். பலகை இடுக்கால் அவளுடைய சப்பாத்து அடி தெரிந்தது. அசையவில்லை.

வேலிக்குள் மான்கள் வைக்கோல் தட்டைச் சுற்றி நெருக்கியடித்து நின்றன. இருபத்தேழு நடுவில் நின்றது. அப்பாடா என்று இருந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் மற்ற மான் நிற்கும்போது அவள் சுடவே மாட்டாள். நேரம் இருக்கிறது. இப்போது கூப்பிட்டால் போதும்.

வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவள் எனக்கு முதல் வருடமே சொன்னது நினைவுக்கு வந்தது. பரணடியில் சத்தம் போடக்கூடாது. விரல் விசையில் இருக்கும் நேரத்தில் ஒரு சத்தம் கேட்டுக் கை அசைந்தால், குண்டு வயிற்றில் படும், காலில் படும். குடல் சரிய வேலிக்குள் ஓடித் திரியும். அவளுடைய விரல் எங்கே இருக்கிறது என்று கீழே இருந்து எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டுச் சுட வைத்துவிடுவேனோ என்று பயம், கூப்பிடாமல் சுட விட்டுவிடுவேனோ என்றும் பயம். பலகையில் மெதுவாகத் தட்டலாமா, சப்பாத்தைத் தொடலாமா என்று யோசித்தேன். இந்த யோசனைக்கு எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

அதற்குள் இருபத்தேழு தலையைத் தூக்கியது. காற்று என் பக்கமிருந்துதான் வீசியது. மற்ற மான்கள் காதை மட்டும் திருப்பின. அது மட்டும் வைக்கோலை விட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, என்னை நோக்கி நடந்து வந்தது.

போ போ என்று கையை வீசினேன். அது என் கையைத்தான் அறியும். நீட்டிய கை என்றால் அதற்குத் தீன். இன்னும் இரண்டு அடி வேகமாக வைத்து வந்தது. வெட்டவெளியில், பின்னால் ஒரு மானும் இல்லாத இடத்தில் வந்து நின்று, வழக்கம் போலப் பக்கவாட்டில் திரும்பி மேலே மரங்களைப் பார்த்தது. குட்டியைக் கூப்பிட வாயைத் திறந்திருக்கும். நான் அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. தலைக்கு மேலே வெடித்தது.

அது நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டது. வலித்திருக்காது. இதைப் பல பேர் எனக்கு ஆறுதலாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் ஏணியால் இறங்கி என்னைக் கண்டு திடுக்கிட்டாள். "நீ ஏன் இஞ்ச? துணி கட்டினது தெரியேல்லையோ?" என்றாள். கைத்தொலைபேசியில் படத்தை எடுத்துக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். படத்தில் வேலிக் கம்பியைப் பார்த்தாள், கம்பிக்குள்ளால் நீட்டியிருந்த என் கையைப் பார்த்தாள், மஞ்சள் தோலைப் பார்த்தாள். வேலிக்குள் போய், கழுத்தை வெட்டி இரத்தத்தை வடிய விட்டுவிட்டு, முழங்காலில் இருந்து மடியைப் பிடித்துப் பார்த்தாள். விரலைத் தூக்கிக் காட்டினாள். வெள்ளையாக இருந்தது.

"நான் கையால குடுத்தனான்" என்றேன். "ஒவ்வொரு நாளும். அதுதான் தனிய நிண்டது. ரெட்டை எண்டு எழுதினதும் பால் குடிக்கிறதைப் பாக்காமல் எழுதினது. கண்டனான் எண்டு உனக்குப் பொய் சொன்னனான்."

அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பக்கக் காலைப் பிடி" என்றாள். இரண்டு பேருமாக அதை வண்டியில் ஏற்றினோம். ஆறு நாள் இரத்தம் பார்க்காமல் இருந்த என் கையெல்லாம் இரத்தம். முற்றத்தில் வைத்தியரிடம் அவள் முதல் சொன்னது, "பால்மடியோட நிண்டதைச் சுட்டுப்போட்டன். குட்டி உள்ளுக்க நிக்குது" என்பதுதான். நான் முன்னால் வந்து பட்டியல் என்னுடையது என்று சொல்ல வெளிக்கிட்டேன். "சுட்டது நான்" என்று சொல்லி என்னை நிறுத்திவிட்டாள். எனக்காகச் சொல்லவில்லை என்று தெரியும். சுட்ட ஆள்தான் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய ஒழுங்கு. எனக்கு அதில் தப்பிக் கொள்ள இடம் இல்லை என்றும் விளங்கியது.

வைத்தியர் தன் வேலையைத் தொடங்கியதும் அவள் துப்பாக்கியோடு திரும்பவும் பாதையில் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"அதை நாங்கள் போத்தில் பால் குடுத்து வளக்கேலாதோ? நான் வாறன், ஒவ்வொரு நாளும் வாறன், சம்பளமில்லாமல் வாறன்."

"பிறந்த கையோட எண்டால் ஏலும். இது அஞ்சு மாசக் குட்டி. பிடிக்கப் போனால் வேலியில மோதிக் கழுத்தை முறிச்சுக்கொள்ளும்."

"கூட்டத்தோட விட்டால்?"

அவள் நின்று திரும்பினாள். அந்தக் கேள்விக்கு மறுமொழி எனக்கு ஏற்கனவே தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். "மேல ஏறு. எது எண்டு நீதான் சொல்ல வேணும். இந்த முறை பிழை விடக் கூடாது" என்றாள்.

பரணில் இரண்டு பேரும் தோளோடு தோள் முட்ட இருந்தோம். மான்கள் முதலில் மேல் மூலையில் ஒடுங்கி நின்றன. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக இறங்கி வந்து மீண்டும் வைக்கோலைத் தின்னத் தொடங்கின. தாய்மாருக்குப் பின்னால் குட்டிகள் வந்தன. கடைசியாக மரத்துக்குள்ளிருந்து ஒரு குட்டி வந்தது. கொஞ்சத் தூரம் நாற்பத்தொன்றின் குட்டியோடு ஓடியது. பிறகு நாற்பத்தொன்றின் மடிக்குள் தலையை நுழைத்தது. நாற்பத்தொன்று திரும்பி நெற்றியால் ஒரே தள்ளு. அது எழும்பி அடுத்த பெண்மானிடம் போனது. அதுவும் தள்ளியது. ஒவ்வொன்றாக மணந்து மணந்து பார்த்துக்கொண்டே போனது.

எனக்குத் தெரிந்துவிட்டது. பைனாகுலரில் காதும் தெரிந்தது. ஐம்பத்திரண்டு.

"எது?" என்றாள் அவள்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். என்னைவிட அவளுடைய கண் மோசம். நிச்சயமில்லை என்று சொன்னால் அவள் சுட மாட்டாள், அந்தக் குட்டி அன்றைக்கு உயிரோடு இருக்கும், நாளைக்கும் இருக்கும். பனி விழும் வரைக்கும் நான் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. முதல் நாள் "கண்டனான்" என்று சொன்னபோது எவ்வளவு சுலபமாக வந்ததோ அவ்வளவு சுலபமாக வந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"பொறு" என்றேன். நான் மூன்று கிழமையாகச் செய்திருக்க வேண்டிய வேலையை அப்போது செய்தேன். ஒவ்வொரு குட்டியாகப் பார்த்து, அது எந்த மடிக்குப் போகிறது, எந்தத் தாய் தள்ளாமல் விடுகிறது என்று பார்த்து, இரண்டு இலக்கத்தையும் வாய்விட்டுச் சொன்னேன். சந்தேகம் வந்தவற்றுக்குத் திரும்பவும் காத்திருந்தோம். அவள் அவசரப்படுத்தவில்லை. பதினொன்றரை பஸ் போவது கீழே கேட்டது. எல்லாக் குட்டியும் முடிந்தபோது ஒன்று மிச்சம் இருந்தது. அது இப்போது தாய் விழுந்த இடத்தில் நின்று நிலத்தை மணந்துகொண்டிருந்தது.

"ஐம்பத்திரண்டு" என்றேன். "உதுதான்."

"தாய்மார் பால் குடுக்காமல் தள்ளினதைக் கண்டனியோ?"

"நாலு தாய் தள்ளினதைக் கண்டனான்."

அவள் துப்பாக்கியைப் பலகையில் ஊன்றினாள். "இறங்கிப் போறதெண்டால் இப்ப போ" என்றாள்.

நான் போகவில்லை. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவும் இல்லை. இரண்டு முழங்கையையும் பலகையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டேன். அவள் சுடும் வரைக்கும் அது அந்தக் குட்டிதான் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.